அழுதால் குழந்தைக்குத் தெரியும்

மருத்துவமனையில் குறைமாதப் பிள்ளை பெற்ற எங்களுக்கு ஆறுதல் சொல்வதற்கென்றே ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். முன்பு அது அட்டைப்பெட்டிகள் அடுக்கி வைக்கும் அறையாம். பெட்டிகளை ஓரமாகத் தள்ளி, மேலே ஒரு துணியைப் போர்த்தி, எதிரே ஒரு சோபாவையும் தண்ணீர் கேட்காத பிளாஸ்டிக் செடி ஒன்றையும் வைத்ததும் அது மனநல அறை ஆகிவிட்டது. சுவரில் மேகம் வரைந்த ஒரு தாள். அதில் ‘உங்கள் உணர்வுகளுக்கு இங்கே இடம் உண்டு’ என்று எழுதியிருந்தது. உணர்வுகளுக்கு இடம் இருந்தது, கால் நீட்டத்தான் இடமில்லை. வயிற்றைக் கிழித்துத் தைத்த பெண்கள் அந்தச் சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்தால், ஒருத்தி இருமினாலும் மற்றவர்களுக்குத் தையல் வலிக்கும்.

செவ்வாயும் வெள்ளியும் கூட்டம். நடத்துகிறவர் ஓர் ஆலோசகர். நல்ல பெண்மணி, அதுதான் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்தால் மனதாரத் திட்டிவிட்டு எழுந்து போகலாம். இவரோ எதைச் சொன்னாலும் தலையைச் சாய்த்து, “பரவாயில்லை” என்பார். குழந்தைக்கு மறுபடியும் குழாய் போட்டுவிட்டார்கள் என்றாலும் பரவாயில்லை. வீட்டிலிருந்து ஒருத்தரும் எட்டிப் பார்ப்பதில்லை என்றாலும் பரவாயில்லை. பெட்டியில் இருக்கிற குழந்தைகளுக்குப் பால் பீய்ச்சி எடுக்கும் அறையில் நாங்கள் அவருக்குப் ‘பரவாயில்லை மேடம்’ என்று பெயர் வைத்திருந்தோம்.

அந்தக் குரலைக் கேட்ட மாத்திரத்தில் எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. ஏனென்றால் நானும் அதே பிழைப்புத்தான். ஒரு தொலைபேசி நிறுவனத்தின் புகார்ப் பிரிவில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நாள் முழுக்க “உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது” என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஒன்றும் புரியாது. புரிந்தால் அந்த வேலையில் ஒரு நாள் தாங்க முடியாது. கனெக்‌ஷனைச் சரிசெய்வது எங்கள் வேலை இல்லை, கத்துகிற வாயை அடக்குவதுதான் எங்கள் வேலை. அதற்கென்று சில வாக்கியங்களை அச்சடித்துக் கையில் கொடுத்திருந்தார்கள். “உங்கள் கோபம் நியாயமானது.” “லைன்லயே இருங்க, நான் இங்கதான் இருக்கேன்.” இந்தக் கடைசி வாக்கியம் நன்றாகவே வேலை செய்யும். பாதிப் பேர் அதைக் கேட்டதும் அடங்கிவிடுவார்கள். ஆகவே சோபாவில் உட்கார்ந்து மேடம் பேசுவதைக் கேட்டபோது, என் கடைச் சரக்கையே எனக்கு விற்கிறார்களே என்றுதான் தோன்றியது.

கூட்டத்தில் ஓர் அட்டையைச் சுற்றுக்கு விடுவார். அதில் வரிசையாக முகங்கள் வரைந்திருக்கும். இன்று உங்கள் மனம் எந்த முகம் என்று தொட்டுக் காட்ட வேண்டும். அழுகிற முகத்தைத் தொட்டால் தனியாகக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசுவார். பல் தெரியச் சிரிக்கிற முகத்தைத் தொட்டால் நம்பமாட்டார். அதனால் எல்லோரும் லேசாகச் சிரிக்கிற இரண்டாவது முகத்தைத் தொட்டுவிட்டுப் பால் எடுக்க ஓடிவிடுவோம். அந்த முகம் விரல் பட்டுப் பட்டு அழுக்கேறிப் போயிருந்தது. அதைப் பார்த்தாவது அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமோ?

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாதது ஒன்று இருந்தது. முதல் கூட்டத்திலேயே அதைச் சொல்லிவிட்டார்.

“அம்மாவோட மனசுதான் குழந்தைக்கு முதல் மருந்து. நீங்க அமைதியா இருந்தா அதுவும் அமைதியா இருக்கும். நீங்க அழுதா, பதறினா, அது குழந்தைக்குத் தெரியும்.”

அன்பாகத்தான் சொன்னார். எங்கள் கையில் ஏதோ பரிசு கொடுத்துவிட்டதாகவே நினைத்திருப்பார்.

எங்கள் குழந்தைகள் கிடந்த வார்டு எப்படி இருக்கும் என்று சொன்னால்தான் அவர் கொடுத்தது என்ன என்பது புரியும். உள்ளே இரண்டு வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். எங்கள் யாருக்கும் அங்கே பெயர் கிடையாது. நான் ஏழாம் நம்பர் அம்மா. ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்ட என் மகள், தலைக்கு ஒரு கம்பளித் தொப்பியும் உடம்பெல்லாம் ஒயருமாக உள்ளே படுத்திருந்தாள். பெட்டிக்கு மேலே ஒரு திரை. அதில் பச்சை எண் இதயத்துக்கு, நீல எண் மூச்சுக்கு, அதாவது ரத்தத்தில் ஓடும் ஆக்சிஜனுக்கு. நீல எண் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் மணி அடிக்கும். அங்கே வருகிற அம்மாக்கள் முதல் நாள் குழந்தையைப் பார்ப்பார்கள். மறுநாளிலிருந்து திரையைத்தான் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான். என் கணவர் போன் செய்தால் எடுத்த எடுப்பில் “எவ்வளவு?” என்பார், கடையில் விலை கேட்பது போல. நானும் “தொண்ணூத்தஞ்சு” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.

இப்படி எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிற பெண்களிடம், அந்த எண் உங்கள் மனதைப் பார்த்துத்தான் ஏறி இறங்குகிறது என்று சொன்னால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. மணி அடித்தால் ஒவ்வொருத்தியும் தன் மனதைத் துழாவ ஆரம்பித்தாள். பால் எடுக்கும் அறையில் இதே பேச்சு. நாத்தனார் சொன்னதை நினைத்தேன், உடனே மணி அடித்தது என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, கண் கலங்கினால் பெட்டியிலிருந்து நாலடி தள்ளிப் போய் நின்றுகொள்வாள். அழுகையைக் கழிப்பறையில் வைத்துக்கொண்டார்கள். முகத்தைக் கழுவித் துடைத்து, உதட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். மேடம் வந்து பார்த்துவிட்டு, “எல்லாரும் எவ்வளவு தைரியமா இருக்கீங்க” என்று பூரித்துப் போனார்.

எட்டாம் நம்பர் அம்மா ஒரு தையல்காரி. சின்னப் பெண். அவள் மகனும் என் மகளும் பக்கத்துப் பக்கத்துப் பெட்டி. என்னை வாய் நிறைய “அக்கா” என்பாள். ஒருநாள் அவள் பெட்டியின் ஓட்டை வழியே கையை விட்டு, பையனின் காலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். மணி அடித்தது. பையனுக்கு உதடு நீலம் பாரித்தது. ஒரு நர்ஸ் வந்து உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டினார். மூச்சு வந்துவிட்டது. அங்கே இது தினமும் நடக்கிற கூத்துதான். ஆனால் தையல்காரி அன்றைக்கு முடிச்சுப் போட்டுவிட்டாள். தான் அழுததால்தான் அவன் மூச்சை நிறுத்தினான் என்று.

அதற்குப் பிறகு அவள் உள்ளே வரவேயில்லை. வராந்தாவின் கோடியில், செருப்பு வைக்கும் அடுக்குக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு உண்டு. காலையில் வந்து அதில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். எடுத்த பாலைப் புட்டியில் ஊற்றி என் கையில் கொடுத்து அனுப்புவாள். ஒரு வாரத்தில் அந்தப் பாலும் குறைந்துகொண்டே வந்தது.

“உள்ள வாடி. அவன் உன்னத் தேடுறான்” என்றால், “நான் பக்கத்துல போனாலே அவனுக்கு ஆகலக்கா. அழாம இருக்க என்னால முடியல. என்னைப் பாக்காம இருந்தாத்தான் அவன் பொழைப்பான்” என்பாள்.

பையனுக்கு எடை ஏறவில்லை. அம்மா நெஞ்சோடு நெஞ்சாக வைத்துக்கொண்டால் ஏறும், உடனே ஆரம்பியுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு இன்னும் கிடைக்காத அனுமதி அது. என் மகளைத் தூக்கும் அளவுக்கு அவள் தேறவில்லை. இவளுக்குக் கொடுத்தார்கள், இவள் வேண்டாம் என்று பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. பையன் இப்படியே போனால் தாங்கமாட்டான் என்று நர்ஸுகள் தங்களுக்குள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்திருந்தது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முகம் போட்ட அட்டை என் கைக்கு வந்தது. நான் அதை மடியில் வைத்துக்கொண்டு, “மேடம், எட்டாம் நம்பர் அம்மா ஒரு வாரமா புள்ளையப் பாக்கல. நீங்க சொன்னத நம்பித்தான்” என்றேன்.

மேடம் தலையைச் சாய்த்தார். “அவங்களுக்குக் கொஞ்சம் நேரம் தேவைப்படுது. அவங்க முடிவ நாம மதிக்கணும்.”

எங்கள் அலுவலகத்திலும் இப்படித்தான். வாடிக்கையாளர் அலுத்துப்போய் போனை வைத்துவிட்டால், அவர் திருப்தியடைந்தார் என்று எழுதிக்கொள்வோம்.

“அது முடிவு இல்ல மேடம், பயம். அதுவும் நீங்க குடுத்த பயம்.”

“உங்க கோவம் எனக்குப் புரியுது. பரவாயில்லை. அந்தக் கோவத்துக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு சேர்ந்து பாப்போமா?”

“பின்னாடி ஒண்ணும் இல்ல. முன்னாடி நீங்கதான் இருக்கீங்க.”

ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் தையலைப் பிடித்துக்கொண்டாள். மேடத்தின் முகம் ஒரு கணம் சுண்டியது. சட்டென்று சரிசெய்துகொண்டார். எங்கள் நிறுவனத்தில் சேர்ந்தால் நன்றாக முன்னுக்கு வருவார்.

“இன்னைக்கு இந்த மனநிலையில நீங்க உள்ள போகாம இருந்தா நல்லது. பாப்பாவுக்காக” என்றார் மெதுவாக.

அங்கேதான் எனக்கு அடி விழுந்தது. இவ்வளவு நக்கல் பேசுகிறேனே, எனக்கும் அந்தப் பயம் உண்டு. பிறந்ததிலிருந்து நான் கோபக்காரி. மகள் குறைமாதத்தில் பிறந்த மறுநாள் அத்தை, என் கணவரின் அம்மா, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “உன் கோவத்தைத் தாங்காமத்தான் புள்ள முன்னாடியே வெளிய ஓடியாந்துருச்சு” என்று ஒரே போடாகப் போட்டார். பதில் சொல்ல வாயெடுக்கும் முன்பே உள்ளே ஒரு குரல், ஒருவேளை உண்மையோ என்று கேட்டது. அது அன்றுவரை அடங்கவில்லை. தினமும் வார்டு வாசலில் கை கழுவும்போது, கோபம் ஆறும்வரை சோப்பைப் போட்டுத் தேய்த்துக்கொண்டே நிற்பேன். விரலெல்லாம் தோல் உரிந்துவிட்டது.

அன்றைக்கு நிற்கவில்லை. கையை நனைத்த கையோடு உள்ளே போனேன். என் பெட்டியின் முன்னால் நின்று, மூடியோடு வாயை வைத்து, மனதில் கிடந்ததையெல்லாம் கொட்டினேன். மேடத்தை, அத்தையை, ‘எவ்வளவு’ என்று கேட்கிற மனுஷனை, அட்டையில் சிரிக்கிற அந்த முகத்தை, ஒருவரையும் விடவில்லை. திட்டிக்கொண்டே திரையைப் பார்த்தேன். நீல எண் தொண்ணூற்றாறு. இன்னும் திட்டினேன். தொண்ணூற்றாறு. என் மகள் என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. வாயைக் கோணலாகத் திறந்து ஒரு கொட்டாவி விட்டாள்.

பின்னால் பெரிய சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார். அந்த வார்டின் தலைமை நர்ஸ் அவர்தான்.

“சிஸ்டர், ஒண்ணு கேக்குறேன், நேராச் சொல்லுங்க. நாங்க அழுதா, கோவப்பட்டா, அதுக்காக இதுங்க மூச்ச நிறுத்துமா?”

“யாரு சொன்னா? இதுங்களுக்கு மூச்சு விடவே இன்னும் சரியாப் பழகல. நடுவுல மறந்துடும். நீங்க எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகும்தான் விடிய விடிய அடிக்குது.”

“அப்ப இத ஏன் ஒருத்தரும் எங்ககிட்ட சொல்லல?”

பெரிய சிஸ்டர் என் மகளின் ஒயரைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டார். “நீங்க கேக்கல. அதோட...” என்று மென்று விழுங்கினார். “அம்மாங்க அழாம இருந்தா எங்களுக்கும் வேலை ஓடுது.”

நல்ல பதில். மேடத்தின் அன்பைவிட இது எனக்குப் பிடித்திருந்தது. இதில் பூசி மெழுகல் இல்லை. ஆனால் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லச் சோம்பல்பட்டு, ஒரு பிள்ளையை ஒரு வாரம் தாயில்லாமல் போட்டுவைத்திருந்தார்கள்.

“நாற்காலியப் போடுங்க. எட்டாம் நம்பர் அம்மாவைக் கூட்டிட்டு வரேன்” என்றேன்.

வராந்தாவில் தையல்காரி காலிப் புட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சிஸ்டர் சொன்னதைச் சொன்னேன். நம்பவில்லை. நான் திட்டியதையும் என் மகள் கொட்டாவி விட்டதையும் சொன்னேன். ஒரு சின்னச் சிரிப்பு வந்துவிட்டுப் போனது.

“உங்க பொண்ணு கெட்டி. என் புள்ள அப்படி இல்லக்கா.”

“உன் புள்ளைக்கு எடை ஏறல. நீ இங்க உக்காந்திருக்கிறதால அவன் பொழச்சுக்கலடி. உள்ள வந்து அவன வாங்கு.”

“அழுதுருவேன்க்கா.”

“அழு. யாரு வேண்டாம்னா? அழுதுக்கிட்டே வா.”

முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வந்தேன். வாசலில் கை கழுவும்போதே அவளுக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்துவிட்டது. வார்டுக்குள் மற்ற அம்மாக்கள் எங்களைப் பார்த்ததும் தத்தம் பெட்டிகளை மறைத்துக்கொண்டு நின்றார்கள். அழுகை காற்றில் பரவிவிடும் என்று பயந்தார்களோ என்னவோ. தையல்காரியைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, சட்டையின் முன்பக்கத்தைத் திறந்து, பெரிய சிஸ்டர் பையனை ஒயரோடு தூக்கி அவள் நெஞ்சில் கவிழ்த்து, மேலே ஒரு போர்வையைப் போட்டார். போர்வைக்கு வெளியே ஒரு தொப்பி மட்டும் தெரிந்தது. அவ்வளவுதான், அவள் உடைந்துவிட்டாள். கேவிக் கேவி, வாயைத் திறந்து, ஒரு வாரத்தையும் சேர்த்து அழுதாள். அவள் நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. பையனும் அதோடு ஏறி இறங்கினான்.

வார்டு முழுக்க எட்டாம் நம்பர் திரையைப் பார்த்தது. தொண்ணூற்று நாலு. தொண்ணூற்றைந்து. நான் என் பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றேன். எனக்குள் அப்படி ஒரு சந்தோஷம். மேடத்தைக் கூட்டிக்கொண்டு வந்து இந்தத் திரையின் முன்னால் நிறுத்த வேண்டும், அட்டையில் பல் தெரியச் சிரிக்கிற முகத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும் என்றெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிரசவத்துக்குப் பிறகு அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததே இல்லை.

மணி அடித்தது.

தையல்காரியின் முகம் வெளுத்துவிட்டது. “எடுத்துக்குங்க சிஸ்டர். எடுத்துக்குங்க. நான்தான் சொன்னேனே” என்று போர்வையை விலக்கி, பையனை நெஞ்சிலிருந்து பிரிக்கப் போனாள்.

“அசையாத. அது உன்னோடது இல்ல” என்று பெரிய சிஸ்டர் அவளைத் தாண்டி வந்தார். என்னையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு வந்தார். அடித்தது என் பெட்டி.

நீல எண் எண்பதுக்குக் கீழே போய், இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. என் மகள் வாயைத் திறந்தபடி கிடந்தாள். மூக்கைச் சுற்றி நீலம். பெரிய சிஸ்டர் உள்ளங்காலைச் சுண்டினார். ஒன்றும் இல்லை. முதுகைத் தேய்த்தார். ஒன்றும் இல்லை. மூக்கின் மேல் சின்ன முகமூடியை அழுத்தி, ரப்பர் பையை அமுக்கத் தொடங்கினார். ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பெற்ற பிள்ளைக்குச் சொல்ல ஒரு சொந்த வார்த்தை என் வாயில் இல்லை. வந்தது இதுதான்: “லைன்லயே இருங்க. நான் இங்கதான் இருக்கேன். வச்சிடாதீங்க. லைன்லயே இருங்க.” திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். அச்சடித்துக் கொடுத்த வாக்கியம். வாழ்க்கையில் முதல் தடவையாக அதை மனதாரச் சொன்னேன்.

அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு பரவாயில்லை மேடம் வந்தார். தையல்காரியின் அழுகை அவர் அறை வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். கையில் டிஷ்யூ பெட்டி.

“அமைதி, அமைதி. எல்லாரும் ஆழமா மூச்சு விடுங்க. நாம பதறினா குழந்தைங்களுக்குத் தெரியும்” என்றார்.

பெரிய சிஸ்டர் பையை அமுக்குவதை நிறுத்தாமல், தலையைக்கூடத் திருப்பாமல் சொன்னார். “மேடம், அந்தப் பெட்டிய அங்க வச்சிட்டு, கதவை வெளிப்பக்கமாச் சாத்திட்டுப் போங்க.”

மேடம் பெட்டியை வைத்தார். கதவும் சாத்தப்பட்டது.

என் மகளின் விலா எலும்பு ஒருமுறை உள்ளே வாங்கியது. அப்புறம் இன்னொரு முறை. பெரிய சிஸ்டர் முகமூடியை எடுத்தார். பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம் வந்தது. நீலம் வெளுத்து, பிறகு சிவந்தது. மணி நின்றது. “வந்துட்டா. கொஞ்சம் ஆட்டம் காட்டிட்டா, அவ்வளவுதான்” என்று சிஸ்டர் நெற்றியை முழங்கையால் துடைத்துக்கொண்டார்.

பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். எல்லோருக்கும் அவரவர் பங்குக்குக் கணக்குப் புரிந்திருக்க வேண்டும். அங்கே வாய்விட்டு அழுதவள் ஒருத்தி, அவள் பிள்ளை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. சந்தோஷமாக இருந்தவள் ஒருத்தி, அவள் பிள்ளைதான் மூச்சை நிறுத்தியது. நாலடி தள்ளி நிற்கிறவள் மெல்ல வந்து தன் பெட்டியின் மேல் தலையைச் சாய்த்து அழத் தொடங்கினாள். அவள் பெட்டியின் மணி அடிக்கவில்லை.

தையல்காரி ஒரு கையால் மகனைத் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையை நீட்டி என் சட்டை ஓரத்தைப் பிடித்தாள். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. பிடித்துக்கொண்டு என்னோடு சேர்ந்து அழுதாள். ஆம், நானும் அழுதேன். அசிங்கமாக, சத்தமாக, வார்டே கேட்கும்படி. அத்தை சொன்ன அந்த வார்த்தை உண்மையோ என்று இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தேன். அது பொய் என்று இப்போதுதான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

கணவர் போன் செய்தார். எடுத்தேன்.

“எவ்வளவு?”

“தெரியல” என்றேன். “நீங்களே வந்து பாருங்க.”

வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினேன். மேடத்தின் டிஷ்யூ நல்ல தரமானது, அதில் குறை சொல்ல முடியாது.

“அக்கா,” என்றாள் தையல்காரி. போர்வைக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “இவனுக்குப் புருவம் இருக்குக்கா.”

“இருக்காம பின்ன?”

“இல்லக்கா, பொறந்தப்ப இல்ல. இப்ப வந்திருக்கு.”

நான் திரும்பி என் பெட்டியைப் பார்த்தேன். பழக்கத்தில் கண் திரைக்குத்தான் போனது. அதைக் கீழே இறக்கினேன். என் மகளுக்கும் முளைத்திருந்தது. சின்னதாக, பென்சிலால் கீறிவிட்டது போல, இரண்டு புருவம். இடது பக்கத்துப் புருவம் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, யாரையோ முறைப்பது போல இருந்தது. எப்போது முளைத்தது என்று எனக்குத் தெரியவில்லை.